எடுத்தது போக மிச்சம்: பெரம்பலூர், அரியலூர் சுற்றுலாத் தலங்களின் கதை

தமிழ்நாட்டில் சுற்றுலா என்றதும் யாருக்கும் பெரம்பலூர் நினைவுக்கு வருவதில்லை. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு அது வழியில் வரும் ஓர் ஊர். அரியலூர் என்றால் சிமெண்ட். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்று அடுக்கும் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களுக்கும் இடம் இருந்ததே இல்லை.

மாவட்டங்களாகவே இவை புதியவை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995 நவம்பரில் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது, 2002ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டம் ஆனது! (ஒரே மாவட்டத்துக்கு இரண்டு முறை தொடக்க விழா என்பது தமிழ்நாட்டில் கொஞ்சம் அபூர்வம்தான்.)

மாவட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியலும் வந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரம், சாத்தனூர் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ஆகியவை அந்தப் பட்டியலில் தவறாமல் இருக்கும். இவற்றில் எதுவும் வேடிக்கை பார்ப்பதற்காக உண்டானதல்ல. ஒன்று தலைநகரம், ஒன்று கடலோரக் காடு, ஒன்று படை தங்கிய இடம், ஒன்று பாசன ஏரி. அடுத்து வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனபின் எது மிஞ்சியதோ அதைத்தான் இன்று பயணிகள் பார்க்கிறார்கள்.

கங்கைகொண்ட சோழபுரம்

முதலாம் இராசேந்திர சோழன் தன் படையைக் கங்கை வரை அனுப்பியது 1023ஆம் ஆண்டை ஒட்டி. அந்த வெற்றியின் நினைவாகத் தஞ்சையை விட்டுவிட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு புதிய தலைநகரை எழுப்பினான். ஏறக்குறைய 250 ஆண்டுகள், அதாவது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் கை ஓங்கிச் சோழர் ஆட்சி முடியும் வரை, அதுவே சோழர்களின் தலைநகரம். தஞ்சாவூர் தலைநகராக இருந்த காலத்தைவிட இது அதிகம் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

இன்று அங்கே நிற்பது கோயில் மட்டும். விமானம் 50 மீட்டருக்கும் மேல் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்க்கோடாக மேலே போகும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். கருவறையில் உள்ள லிங்கம் சுமார் 13 அடி. வடபுறத்து வாயில் அருகே சண்டேசுவரருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்கவே கலை மாணவர்கள் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். இந்தக் கோயிலைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய இருக்கின்றன. ஆனால் கோயிலைச் சுற்றி இருந்த நகரம் எங்கே போனது?

நகரத்தின் எலும்புக்கூடு ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. மாளிகைமேடு, உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. இவை எல்லாம் சுற்றுவட்டாரத்தில் உள்ள சாதாரணக் கிராமங்கள். அரண்மனை இருந்த மேடு, கோட்டையின் உட்பகுதி, ஆயுதங்கள் இருந்த இடம், மெய்க்காவலர் குடியிருப்பு, கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தயாரித்த இடம் என்று ஒரு நகரத்தின் வரைபடத்தையே இந்தப் பெயர்களை வைத்து ஓரளவு வரைந்துவிடலாம்.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் அகழாய்வு செய்தது, 2021ல் மறுபடியும் தொடங்கியது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள், கண்ணாடி வளையல் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. மாளிகையே செங்கல்லால் கட்டப்பட்டது. கோயில் கல்லால் ஆனது, அதில் வழிபாடும் நடந்தது, எனவே நின்றது. அரண்மனையில் குடியிருக்க ஆள் இல்லாமல் போனபின் அது வெறும் செங்கல் குவியல்தான். வீடு கட்டுகிறவனுக்குத் தோண்டினால் கிடைக்கும் செங்கல்லைவிட மலிவான செங்கல் எது? தலைமுறை தலைமுறையாக எடுத்தார்கள். அதனால் பல இடங்களில் சுவர் இருந்த தடம் மட்டுமே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது.

கிராமத்து மக்கள் செங்கல் எடுத்ததைக் குறை சொல்வதற்கு முன்னால் அரசாங்கம் எடுத்ததைப் பார்க்க வேண்டும்.

1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் இரண்டு அணைகள் கட்டினார். மேலணை முக்கொம்பில், கீழணை அணைக்கரையில். அந்தக் கீழணைக்குக் கல் தேவைப்பட்டது. அந்தச் சமவெளியில் கல் கிடைப்பது எளிதல்ல. ஆனால் சில மைல் தூரத்தில், அளவாக வெட்டி அடுக்கிய கருங்கல் ஏராளமாக இருந்தது! கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் ஏறத்தாழ முழுவதும் இடிக்கப்பட்டது. சிற்பங்கள் செதுக்கிய கற்களும் போயின.

இது ஊர்க் கதை அல்ல. 1855ல் ஆங்கிலத்தில் வெளிவந்த குறிப்பு ஒன்றே இதை ஒளிக்காமல் சொல்கிறது. ஏழை மக்கள் தங்களால் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்தார்கள் என்றும், கோயில் மீது எந்த உரிமையும் காட்ட முடியாத ஓர் அரசின் ஊழியர்கள் அதை இடித்தார்கள் என்றும், தடுத்தவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்புக்கான தண்டனைதான் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இடித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதிலாவது கட்டித் தருவோம் என்று ஒரு வாக்குறுதி தரப்பட்டதாம். அந்த வாக்குறுதி நிறைவேற்றப்படவில்லை என்பதையும் அதே குறிப்பு வருத்தத்தோடு பதிவு செய்கிறது.

காட்டனைத் திட்டுவது சுலபம். ஆனால் கீழணையால் பயன் பெற்றவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. கீழணையிலிருந்து போகும் தண்ணீர்தான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணம் 10ஆம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டிய ஏரி. 2004 முதல் அந்த ஏரியின் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. ஒரு சோழன் கோயிலின் மதில் கல், இன்னொரு சோழன் ஏரிக்குத் தண்ணீர் திருப்பி, அது கடைசியில் சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் விழுகிறது. கடலூர், தஞ்சை மாவட்டங்களில் அந்த அணையை நம்பி நெல் விளைவித்த குடும்பங்கள் எத்தனையோ. அணை வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். ஆனால் தடுத்த மக்கள் கேட்டது அணை வேண்டாம் என்று அல்லவே. கல்லை வேறு இடத்தில் எடுத்திருக்கலாம், செலவு கூடியிருக்கும், அவ்வளவுதான். ஒரு செங்கல் மதிலைக்கூடக் கட்டித் தராததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

இப்படி நடந்தது இங்கே மட்டும் அல்ல. ரோமாபுரியின் கொலோசியம் பல நூறு ஆண்டுகள் கல் குவாரியாக இருந்தது. 1850களில் லாகூர் - முல்தான் ரயில் பாதை போட்டபோது ஹரப்பாவின் செங்கற்கள் சரளையாகப் போயின. பழைய நகரத்துக்கு அருகில் புதிய வேலை வரும்போதெல்லாம் நடக்கும் கதை இது.

இராசேந்திரன் தலைநகரோடு ஒரு ஏரியும் வெட்டினான். சோழகங்கம் என்று பெயர், இன்றைய வழக்கில் பொன்னேரி. கங்கை நீரைக் கொண்டுவந்து சேர்த்த அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித் தூண் என்று வர்ணிக்கிறது. கல்லில் வெற்றித் தூண் நட்ட அரசர்கள் உண்டு, தண்ணீரில் நட்டவன் இவன்தான்! ஏரிக் கரை வடக்கு தெற்காக 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் வந்தன. அந்த நூற்றாண்டிலேயே ஏரி தூர்ந்து காடு மண்டிப் போயிருந்தது. மதில் போனதற்கு ஒருவரைக் கைகாட்டலாம். ஏரி போனதற்கு அப்படி யாரும் இல்லை. கால்வாயைப் பராமரிக்க அரசன் இல்லாமல் போனான், வண்டல் வந்தது, கரை உடைந்தது. அவ்வளவுதான்.

2004ல் யுனெஸ்கோ, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987ல் தந்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் தாராசுரத்துக்கும் நீட்டித்தது. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்து, இராசேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். அதே மாதத்தில் சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு நிதி அறிவித்தது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வந்த மராமத்து உத்தரவு!

கடல் இருந்த ஊர்

பெரம்பலூருக்குக் கிழக்கே சாத்தனூர் என்று ஒரு கிராமம். (திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையோடு இதைக் குழப்பிக்கொண்டு தேடுகிறவர்கள் நிறையப் பேர்.) அங்கே ஓடைக் கரையில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் கல். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வைத்திருக்கும் பலகை சொல்கிறது. பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய, ஊசியிலை வகை மரம்.

அந்தக் காலத்தில் இங்கே கடல். கடற்கரை சாத்தனூருக்கும் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடி மணலில் புதைந்தது. மரத்தின் உயிர்ப்பொருள் மெல்ல மெல்லக் கரைய, அந்த இடத்தில் சிலிகா படிந்தது. வடிவம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லானது. 1940ல் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். பிற்பாடு 1951ல் அந்தத் துறைக்கு இந்தியர் ஒருவர் முதல்முறையாகத் தலைமை ஏற்றபோது, அந்த இந்தியர் இவரே. இன்று கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், சுற்றிலும் வேலி.

கல்மரத்துக்கு நூறு ஆண்டுகள் முன்பே இந்த வட்டாரம் புவியியலாளர்களிடையே பெயர் பெற்றுவிட்டது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் சேகரித்த படிமங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் விவரித்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்ட் என்பவர் நிலத்தை அளந்து, பாறை அடுக்குகளுக்கு உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே சூட்டினார். உலகில் எந்த மூலையில் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் உயிர்களைப் படித்தாலும் 'அரியலூர்' என்ற சொல் வராமல் இருக்காது. உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாறைகளில் சுருள் சுருளாக அம்மோனைட், சிப்பி, நத்தை என்று கொட்டிக் கிடக்கும் ஓடுகள் அத்தனையும் சுண்ணாம்பு. கோடிக்கணக்கான ஓடுகள் அழுந்தினால் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருந்தால் சிமெண்ட். 1979ல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆலைப் புகைபோக்கியும் லாரி வரிசையும் தெரியும். வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை வந்தது. ஆய்வாளர்களுக்கும் ஒரு வகையில் லாபம். சுரங்கம் ஆழமாக வெட்டியதால்தான் பல படிமங்கள் வெளியே வந்தன. வெட்டிய வேகத்தில் அரைபட்டுப் போனவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது.

எடுக்காமல் விட்டாலும் போய்விடும் என்பதற்குக் கல்லமேடு சாட்சி. அரியலூர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் புதிய டைனோசர் ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். 'புருகத்காயோசாரஸ்', அதாவது பேருடல் பல்லி. அதன் கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பது சிலரின் கணிப்பு. ஆனால் அந்த எலும்பைப் பார்க்க இன்று எங்கும் போக முடியாது. மழை ஈரத்திலும் வெயிலிலும் எலும்பு பொடிந்து உதிர்ந்துவிட்டது. கோட்டோவியங்களும் சில பழைய புகைப்படங்களுமே மிச்சம். பாதுகாக்க வசதி இருந்திருந்தால், அரியலூருக்கு வேறு விளம்பரமே தேவைப்பட்டிருக்காது.

டைனோசர் ஆசை மட்டும் குறையவில்லை. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று படங்கள் பறந்தன. அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த கல் உருண்டைகள் என்று விவரம் தெரிந்தவர்கள் பிறகு விளக்கினார்கள். அரியலூரை அடுத்த வாரணவாசியில் இப்போது தொல்லுயிர்ப் படிம அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சாத்தனூர் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வந்தால் இரண்டும் விளங்கும்.

ரஞ்சன்குடியும் மணிலாவும்

பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப்பின் கீழ் இருந்த ஜாகிர்தார் கட்டியது என்பார்கள். அகழி, படிப்படியாக உயரும் மூன்று அடுக்கு மதில், உள்ளே மாளிகையின் சிதைவுகள். 1751ல் வாலிகண்டபுரம் போர் இந்தப் பகுதியில் நடந்தது. ஆங்கிலேயர் ஆவணங்களில் 'வால்கொண்டா' என்று வருவது இதுதான். முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயர், சந்தா சாகிப்பின் பக்கம் பிரெஞ்சுக்காரர். அன்று ஆங்கிலப் படை சிதறி உத்தத்தூர் வழியே திருச்சிக்கு ஓடியது. (பாறைக்குப் பெயர் தந்த அதே உத்தத்தூர்!) அந்தப் படையோடு உணவுப் பொருள் பொறுப்பாளராக வந்திருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். சில மாதம் கழித்து அவர் ஆற்காட்டைப் பிடித்தது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, வாலிகண்டபுரத்தில் ஓடியது இல்லை.

பதினோரு ஆண்டுகளில் அதே கம்பெனியின் படை கடல் தாண்டிப் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1762ல் சென்னையிலிருந்து கப்பல்களில் போன படை பிலிப்பைன்ஸின் மணிலாவை ஸ்பானியரிடமிருந்து பிடித்தது. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764ல் படை திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகில் கைன்டா என்ற ஊரில் அவர்கள் குடியேறிவிட்டார்கள், வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் முற்றுகையிட்ட இன்ட்ராமுரோஸ் கோட்டை நகரின் கதையும் கவனிக்கத் தக்கது. அதன் அகழியை அமெரிக்கர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர்த்தார்கள், அந்த இடம் கோல்ஃப் மைதானம் ஆனது! 1945 போரில் உள்ளே ஏறக்குறைய எல்லாமே தரைமட்டம், சான் அகுஸ்தின் தேவாலயம் தப்பியது. 1979ல் தனி நிர்வாகம் ஒன்றை அமைத்து மதில்களை மீட்டுக் கட்டினார்கள். இன்று மணிலாவுக்கு வரும் பயணிகள் முதலில் போகும் இடங்களில் அது ஒன்று. ரஞ்சன்குடியை யாரும் குண்டு போட்டு இடிக்கவில்லை. மதில்கள் பெரும்பாலும் நிற்கின்றன, மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் அதைத் தாண்டிப் போகின்றன. நிற்பவை சில.

பயன்பாட்டில் உள்ள இடங்கள் வேறு வகை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கும், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும், கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்கும் வருகிறவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். மேலப்பழுவூர்ப் பகுதியில் பழுவேட்டரையர் எடுத்த பழங்கோயில்களுக்கு 2022ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த புண்ணியத்தில் புதிய முகங்கள் வந்தன.

கரைவெட்டி இந்த இரண்டு வகையிலும் சேராது. திருமானூர் பக்கம் 454 ஹெக்டேர் பரப்பில் உள்ள பாசன ஏரி இது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரப்புகிறது. வயலுக்காகத் தேக்கிய தண்ணீருக்குப் பறவைகள் தாமாகவே வந்தன. திபெத்துப் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 1999ல் சரணாலயம் ஆனது, 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஏரி இன்றும் பாசன ஏரியாகவே இருக்கிறது, மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வரும் வருடங்களில் நடவும் தள்ளிப்போகும், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறியவர்கள் காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. அதிகாலையில் போனால் இன்னும் நல்லது.